பலாலி – திருச்சி: 185 கிலோமீற்றருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு நேர்கோடு இழுத்தால் சுமார் 185 கிலோமீற்றர். அதே பலாலியிலிருந்து கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 290. கடலுக்கு அப்பால் இருக்கும் திருச்சிதான் குடாநாட்டுக்குக் கிட்ட. சென்னை இன்னும் தள்ளி, சுமார் 355.

இண்டிகோ நிறுவனம் திருச்சி – யாழ்ப்பாணம் சேவையை 2025 மார்ச் 30இல் தொடங்கியது. பறப்பது ஏடிஆர் 72, இரண்டு உந்துவிசிறிகள் கொண்ட சிறிய விமானம். அதன் உச்சப் பயண வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் இருக்கும். கணக்குப் பார்த்தால் 22 நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். அட்டவணையிலோ கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போட்டிருக்கிறது.

அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. தரிப்பிடத்திலிருந்து சக்கரம் நகரும்போது தொடங்கி, மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் அது முடியும். ஓடுபாதை வரை ஊர்வதற்கும், முறைக்குக் காத்திருப்பதற்கும், இறங்கியபின் திரும்பி வருவதற்கும் நிமிடங்கள் போகின்றன. வானிலும் முழு வேகம் கொஞ்ச நேரத்துக்குத்தான். திருச்சியில் ஏறிய விமானம் அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையைக் கடந்தால் பாதித் தூரம் முடிந்துவிடும். பாக்கு நீரிணைக்கு மேலேயே வேகத்தைக் குறைத்து இறங்கத் தொடங்க வேண்டும். பலாலி ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது. வடமேற்கிலிருந்து வருகிற விமானம் வளைந்து வந்துதான் அதன் நேருக்கு நிற்க முடியும். தாமதம் வந்தால் சமாளிக்கக் கொஞ்சம் நேரத்தை நிறுவனங்கள் கூட்டியும் போடுகின்றன. அதனால்தான் ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரமுள்ள சென்னைக்கு இரண்டு மடங்கு நேரம் ஆவதில்லை; ஒன்றேகால் மணி நேரம் அளவில் போய்விடலாம்.

பலாலியிலிருந்து இந்தியாவுக்குப் பறப்பது புதிதுமல்ல. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறையில், அதாவது பலாலியில், இறங்கி மதராஸுக்கு (இன்றைய சென்னைக்கு) போனது. பின்னர் போர் அந்தத் தொடர்பை அறுத்தது. சென்னையில் சிகிச்சைக்குப் போகும் சாவகச்சேரி நோயாளி முதலில் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போய், அங்கிருந்து வந்த திசையிலேயே வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அலையன்ஸ் எயாரின் சென்னைச் சேவை 2020இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12இல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் அதே வழியில் இண்டிகோவும் சேர்ந்தது.

இன்று பலாலிக்குத் தடையாக இருப்பது கடலின் அகலமல்ல, ஓடுபாதையின் நீளம். 2019இல் பயன்பாட்டுக்கு வந்தது 1,400 மீற்றர். ஏடிஆருக்கு அது போதும். பாரம் ஏற்றிய ஏ320 ஜெட்டுக்கு 2,000 மீற்றராவது வேண்டும். ஓடுபாதை நீண்டால் பெரிய விமானங்கள் வரும், கூடுதல் பயணப்பொதிகளும் ஏற்றலாம். அது தேவைதான். ஆனால் அதற்குக் காணி வேண்டும்; சுற்றியிருப்பது வலிகாமம் வடக்கு. 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல இன்னும் தங்கள் காணிகளைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. எந்தக் காணி, எவ்வளவு, அதற்கு என்ன நட்டஈடு என்பதை அளவுக்கல் நடுவதற்கு முன்பே அந்தக் குடும்பங்களோடு பேசித் தீர்க்க வேண்டும்.