பழம்பொறியும் பட்டறை ஆசானும்

பழமையைப் போற்றுதல் வேறு. பழமையைப் பேணுதல் வேறு. போற்றுதற்கு நா ஒன்று போதும். பேணுதற்கோ கையும் கருத்தும் பொறுமையும் வேண்டும். இவற்றினும் மேலாக, அறிந்த ஒருவரின் துணை வேண்டும். விழாக் கொண்டாடும் கல்லூரியின் மலரில் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் பொருத்தமேயாகும். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் நாம் அதற்கென எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். தம்புள்ளையில், முதிய தொழிலாளர் சிலரின் வழிகாட்டலில், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுக்கிய முயற்சியே அப்பொருள்.

அவ்வண்டி பி.எஸ்.ஏ. நிறுவனத்தாரின் ‘பான்டம்’ டி 1. பான்டம் என்பது உருவிற் சிறிய கோழியினத்தின் பெயர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், துப்பாக்கி செய்வோர் கூடி 1861ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிறுவனம், 1948ஆம் ஆண்டில் இவ்வண்டியை வெளியிட்டது. ஆயினும் இதன் மூலம் இங்கிலாந்தன்று. ஜேர்மனியில் டி.கே.டபிள்யூ. நிறுவனம் ஆக்கிய ஆர்.டி. 125 என்னும் வண்டியே இதற்குத் தாய். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், போர் இழப்பீட்டின் பகுதியாக அவ்வமைப்பு வென்ற நாடுகளின் கைக்குச் சென்றது. சோவியத் நாட்டின் ‘மொஸ்க்வா’வும், அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் 125உம் அதே வயிற்றிற் பிறந்தவை. யப்பானின் யமஹா நிறுவனம் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் முதல் வண்டியையும் அம்மாதிரியைப் பின்பற்றியே செய்தது. ஆங்கிலேயர் அவ்வமைப்பைக் கண்ணாடியிற் கண்டாற்போல இடம் வலமாக மாற்றிக் கியர் மிதியை வலப்புறம் வைத்தனர். 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் மூன்று கியர்களும் உடைய இவ்வண்டி, ஐந்து குதிரைவலுவையும் எட்டாதது. எளிமையே இதன் வலிமை.

இத்தகைய வண்டிகளைக் காத்தல் மேலைநாடுகளில் முறைப்பட்டதொரு பணியாகிவிட்டது. இங்கிலாந்தில் பழம் மோட்டார் சைக்கிட் கழகம் 1946ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1931க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளையே அது தொடக்கத்தில் ஏற்றுக்கொண்டது. பின்னரே வரம்பு தளர்ந்தது. அங்குள்ளாருக்கு ஏடுகளும் உதிரிப்பாகங்களும் கழகங்களும் உண்டு. எமக்கு வாய்த்தவர்களோ மனிதர்கள். அவர்களே எமக்கு நூலகமும் ஆயினர்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும், குருநாகலிலிருந்து திருகோணமலை செல்லும் பெருவீதியும் தம்புள்ளையிற் சந்திக்கின்றன. 1999ஆம் ஆண்டில் இங்கு பொருளாதார மத்திய நிலையம் அமைந்தபின் மரக்கறி லொறிகளின் வருகை பெருகிற்று. லொறிகள் வரும் இடத்திற் கராஜ்களும் வளர்தல் இயல்பே. அவற்றுள் ஒன்றிற் பணிபுரிந்து ஓய்ந்த முதியவர் ஒருவர், ஊரார் அனைவராலும் ‘பாஸ்’ என்றே அழைக்கப்படுபவர், எமக்கு முதலாசான் ஆனார். தாய்மொழி சிங்களம், எம்மோடு பேசுவது தமிழ். மாத்தளை நகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் இரண்டாமவர். இளமையிற் பான்டம் வண்டியிலே பாடசாலைக்குச் சென்று கற்பித்து ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் மூன்றாமவர்.

பாஸ் கற்பித்த முதற்பாடம், எதனையும் கழற்றாதிருத்தல். எஞ்சின் இலக்கமும் சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துள்ளனவா என்பதை முதலிற் காணல் வேண்டும். ஒவ்வாத வண்டியிற் செய்யும் உழைப்பு பிறர் நிலத்தில் விதைத்த விதை போன்றது. அடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்தல் வேண்டும். நெடுங்காலம் நின்ற வண்டியின் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருக்கும். அதனை உதைத்து அசைக்க முயன்றால் உள்ளுறுப்பு முறியும். பிளக் துவாரத்தின் வழியே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பல நாள் காத்திருத்தலே முறை. பொறுமையை நாம் வகுப்பறையில் எத்தனையோ முறை வலியுறுத்தியிருப்போம். அதன் பொருளை ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எமக்கு விளக்கிற்று.

இரண்டாம் பாடம் மரை பற்றியது. ஆணியிற் சுற்றியோடும் புரியையே தொழிலாளர் மரை என்பர். இக்காலச் சாவிகள் மில்லிமீற்றர் அளவின. பழைய ஆங்கில வண்டியின் ஆணிகளோ அங்குல அளவின. அவற்றுட் பல அங்குலத்துக்கு 26 மரை கொண்டவை. ஏறத்தாழப் பொருந்தும் சாவி பொருந்தாத சாவியே. அது ஆணியின் தலையை உருட்டிவிடும். பாஸ் தம் பெட்டியிலிருந்து பழைய சாவிகளை எடுத்து உதவினார். கழற்றிய ஒவ்வோர் ஆணியையும் அதற்குரிய பால்மா ரின்னில் இட்டுப் பெயரெழுதி வைத்தோம்.

மூன்றாம் பாடமே உயிரானது. அதனை விளங்கிக்கொள்ள இவ்வெஞ்சினின் இயக்கத்தை அறிதல் வேண்டும். இதில் வால்வுகள் இல்லை. பிஸ்டன் மேலேறுங்கால் பெற்றோலும் காற்றும் கலந்த ஆவி கீழறைக்குள் இழுக்கப்படும். கீழிறங்குங்கால் அதே ஆவி அவ்வறையில் அமுக்கப்பட்டுப் பக்கவழியால் மேலே செல்லும். ஆகவே கீழறை காற்றுப்புகாததாய் இருத்தல் வேண்டும். சுழல்தண்டின் இரு புறத்தும் உள்ள சீல்களே அதற்குக் காவல். எமது வண்டி குளிர்ந்தவிடத்து ஓடும். சூடேறியதும் வலுவிழந்து நிற்கும். காபரேற்றரை மும்முறை துப்புரவாக்கியும் பயனில்லை. பாஸ் விடை கூறவில்லை. “மாஸ்டர், காற்று வேற எந்த வழியால உள்ளே வரும்?” என்று கேட்டுவிட்டுத் தேநீர் அருந்தப் போனார். அவ்வினா எம்மைச் சுழல்தண்டுக்கு அழைத்துச் சென்றது. மக்னெற்றோப் பக்கத்துச் சீல் காய்ந்து வெடித்திருந்தது. அதன்வழி புகுந்த காற்று, கலவையை மெலிவித்து எஞ்சினை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்கியது. விடையைத் தாராது வினாவைத் தருதல் சிறந்த கற்பித்தல் முறை என்று ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் படித்தோம். அதனை இத்துணைச் செம்மையாகச் செய்து காட்டியவர், அவ்வாசலை மிதியாத ஒருவர்.

சிலிண்டரின் தேய்வை அளந்து கடைந்தவர் மாத்தளைப் பெரியவர். தேய்ந்த சிலிண்டரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை இடுவர். அளவுகோல் காட்டிய பின்னும் அவர் விரலால் உள்வாயைத் தடவிப் பார்த்தார், பின்னரே தலையசைத்தார். மூத்த ஆசிரியரோ ஓட்டும் முறையைக் கற்பித்தார். இவ்வெஞ்சினுக்குத் தனியே எண்ணெய் ஊட்டும் அமைப்பில்லை. இருபது பங்கு பெற்றோலோடு ஒரு பங்காகக் கலந்த எண்ணெயே உள்ளுறுப்பை நனைக்கும். ஆதலின் பலகடுவை இறக்கம் போன்ற நீண்ட சரிவில் விசையை முற்றாக மூடிவிட்டு இறங்கினால், பெற்றோலோடு எண்ணெயும் நின்றுவிடும். இடையிடையே சிறிது திறந்துவிடல் வேண்டும். இறங்கும்போதும் ஊட்டம் வேண்டும் என்பது வண்டிக்கு மட்டும் உரிய நீதியன்று.

வண்ணம் பூசும் வேளையில் ஒரு கருத்து வேற்றுமை எழுந்தது. மேலிருந்த கறுப்பையும் அதன்கீழிருந்த சிவப்பையும் சுரண்டியபோது, தொடக்க காலப் பான்டங்களுக்கு உரிய வெளிர்பச்சை தாங்கியின் அடியில் தென்பட்டது. அனைத்தையும் அகற்றிப் புதிதாகப் பூசலாம் என்றார் ஒருவர். எஞ்சியதைக் காத்தல் வேண்டும் என்றார் மற்றவர். தம்புள்ளைக் குன்றின் ஐந்து குகைகளையும் கண்டார்க்கு இவ்வினா புதிதன்று. 1991ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அக்குகைகளில் ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்புக்கு ஓவியங்கள் உள்ளன. இன்று காண்பவற்றிற் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டிற் கண்டி அரசர் காலத்தில் மீள எழுதப்பட்டது. மீள எழுதாவிடின் அழகு மங்கும். எழுதினாலோ முந்தியது மறையும். எளிய வண்டிக்கும் அதே இக்கட்டுண்டு. அடிப்புறத்துப் பழைய பச்சையை அவ்வாறே விட்டு, ஏனைய இடங்களில் அதற்கொத்த நிறத்தைப் பூசினோம். பின்வருவோர்க்கு ஒரு சான்று எஞ்சட்டும் என்பதே எமது எண்ணம்.

இனி, எம்மை வருத்தும் ஒன்றையும் கூறுதல் கடன். இத்தகைய எஞ்சினைச் செவியாற் கேட்டே நோயறியும் கூட்டம் அருகி வருகின்றது. இரு வீச்சு எஞ்சினுள்ள முச்சக்கரவண்டிகள் வீதியில் மலிந்திருந்த காலத்தில் அவ்வறிவு பட்டறைதோறும் இருந்தது. அவ்வண்டிகள் குறையக் குறைய அறிவும் குறைகின்றது. பாஸின் பார்வை மங்கிவிட்டது. அவர் சாவிப்பெட்டியை ஏற்க மக்கள் எவரும் அத்தொழிலில் இல்லை. உதிரிப்பாகத்தைக் கடல் கடந்தும் வருவிக்கலாம்; உருவம் ஒத்த புதிய பாகத்தைக் கடைந்தும் கொள்ளலாம். விரல் நுனியில் உள்ள அறிவை வருவிக்கும் கப்பல் இல்லை. வண்டி பிழைத்தது, அதனைப் பிழைப்பித்த கல்வி பிழைக்குமா என்பதே வினா.

ஆதலின் மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலும் ஒரு பாஸ் இருப்பார். ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு கடைச்சற்காரர் இருப்பார். விடுமுறையிற் சில நாள் அவர்களருகே அமருங்கள். அவர்கள் கையாளும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். அகராதியில் இல்லாத நற்றமிழ் அங்கே வழங்குகின்றது. கைகளின் இயக்கத்தைப் படம்பிடியுங்கள். சாவியை வாங்கி நீங்களும் ஓர் ஆணியைத் திருகிப் பாருங்கள். பழைய மாணவர்களாகிய பெரியோரும், தமக்குத் தெரிந்த தொழிலை இளையோர் ஒருவருக்கேனும் கையளித்தல் வேண்டும். கல்லூரி நமக்குத் தந்ததற்கு அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.