ஆயிரத்தில் பன்னிரண்டு, அதில் மூன்று

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் பொறியியல் இடங்களில் 40 சதவீதம் தீவு முழுவதற்குமான திறமை வரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைப்படியும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் கருதப்படும் 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. 2012 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை 203.6 இலட்சம். திருகோணமலை மாவட்டத்தில் இருந்தோர் சுமார் 3.8 இலட்சம், அதாவது 1.86 சதவீதம். 1,000 பொறியியல் இடங்கள் இருப்பின் மாவட்டப் பங்கான 550இல் திருகோணமலைக்கு 10 இடங்கள் வரும். பின்தங்கிய 16 மாவட்டங்களின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 83 இலட்சம். அவற்றுக்கான 50 இடங்களில் திருகோணமலையின் பங்கு 2. ஆக 12. திறமை வரிசையில் எத்தனை பேர் தேறுவர் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த 12 பேரில் பெண்கள் எத்தனை? நாட்டின் பல்கலைக்கழக மாணவரில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். பொறியியலில் மட்டும் அவர்களின் பங்கு நான்கில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. அதே விகிதம் திருகோணமலைக்கும் பொருந்துமானால் 12இல் 3 பேர். உயர்தரத்தில் கணிதப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் நகரை அண்டியே கூடுதலாக உள்ளன. மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கத்து மாணவிகளுக்கு 3 என்பதே தாராளமான மதிப்பீடாக இருக்கலாம். இந்தியாவின் 2019-20 உயர்கல்விக் கணக்கெடுப்பில் பொறியியல், தொழில்நுட்ப மாணவரில் பெண்கள் 29.2 சதவீதம். இந்தியா நம்மைவிடச் சற்று மேலே நிற்கிறது, ஆனாலும் மூன்றில் ஒன்றைத் தொடவில்லை.

மாவட்டத்தில் பொறியியல் வேலை குறைவு என்று சொல்ல இடமில்லை. துறைமுகத்தின் நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர். சீனன்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99. ஒன்று சுமார் 10,000 தொன் கொள்ளும் என்றால் மொத்தம் 9.9 இலட்சம் தொன். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இவற்றில் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 லங்கா ஐஓசிக்கும், 61 அவ்விரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் பிரிக்கப்பட்டன. கிண்ணியாவில் படகுப் பாதைக்குப் பதிலாக 2009 ஒக்டோபரில் திறந்த பாலத்தின் நீளம் 396 மீற்றர். சம்பூரில் 2025 ஏப்ரலில் தொடங்கிவைத்த சூரிய மின்திட்டம் 120 மெகாவாட். இவற்றைத் திருத்தவும் பராமரிக்கவும் இயக்கவும் பொறியியலாளர் தேவை. மாவட்டத்திலோ பொறியியல் பீடம் ஒன்றுகூட இல்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் கணினி விஞ்ஞானமும் பிரயோக பௌதிகமும் கற்பிக்கிறது. பொறியியல் படிக்க ஒலுவிலுக்கோ கிளிநொச்சிக்கோ, அல்லது இன்னும் தொலைவில் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போக வேண்டும்.

இத்தனை குறைவான எண்ணிக்கையில் பெண் பொறியியலாளருக்கென்று ஒரு தொழில்முறைச் சங்கம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் இத்தகைய சங்கங்கள் எல்லாமே சிறிய எண்ணிக்கையில்தான் தொடங்கின. 1919 ஜூன் 23இல் லண்டனில் மகளிர் பொறியியல் சங்கத்தைப் பதிவு செய்தவர்கள் 7 பேர். முதலாம் உலகப்போரில் தொழிற்சாலைகளுக்குள் வந்த பெண்கள், போர் முடிந்ததும் பழைய நடைமுறையை மீட்கும் சட்டத்தால் வெளியே அனுப்பப்பட்ட ஆண்டு அது. அமெரிக்காவில் பெண் பொறியியலாளருக்கு ஒரு சங்கம் அமைக்க 1950 மே மாதம் நியூ ஜெர்சியில் கூடியவர்கள் 50க்கு மேல். அந்தச் சங்கத்தின் உறுப்பினர் இன்று 40,000க்கு மேல். சங்கம் பெருத்த அளவுக்குத் தொழில் மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 103 ஆண்டுகளுக்குப் பின், 2022 அளவில், பிரித்தானியாவின் பொறியியல் பணியாளரில் பெண்கள் 16.5 சதவீதமே.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் இந்தக் கணக்கின் முக்கிய எண் 22. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. முதல் பெண் பட்டதாரிகள் அங்கிருந்து வெளிவர 149 ஆண்டுகள் ஆயின. 1943இல் படிப்பை முடித்த அ. லலிதா மின் பொறியியலும், பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் குடிசார் பொறியியலும் பயின்றவர்கள். லலிதா 18 வயதில், 4 மாதக் குழந்தையோடு கணவரை இழந்தவர். பின்னர் கல்கத்தாவில் ஒரு பிரித்தானிய மின்சாதன நிறுவனத்தில் சேர்ந்து பக்ரா நங்கல் அணைக்கான மின்னாக்கி வேலையில் பங்காற்றினார். 1964 ஜூனில் நியூயோர்க்கில் நடந்த பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் 35 நாடுகளிலிருந்து 486 பேர் கலந்துகொண்டனர். இந்தியாவில் அப்போது அத்தகைய அமைப்பு இல்லாததால் லலிதா தனிப்பட்ட முறையில் போனார். அடுத்த ஆண்டு, 1965இல், லண்டன் மகளிர் பொறியியல் சங்கத்தில் முழு உறுப்பினரானார். படிப்பு முடிந்து 22 ஆண்டுகள். தகுதியில் குறை இருந்து தாமதிக்கவில்லை. 1953இலேயே லண்டன் மின் பொறியியலாளர் நிறுவனம் அவரை இணை உறுப்பினராக ஏற்றிருந்தது. எட்டும் தொலைவில் அவர் சேரத்தக்க பெண்கள் சங்கம் இல்லை என்பதே காரணமாகத் தெரிகிறது.

இலங்கையில் இந்த இடைவெளி குறுகியது. இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் 1950இல் தொடங்கியது. 1960இல் நுழைந்து 1964இல் பட்டம் பெற்ற பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை சிவசேகரம் நாட்டின் முதல் பெண் பொறியியலாளர். கிண்டிக்கு 149 ஆண்டுகள் ஆனதற்கு இங்கே 14. இருந்தாலும் தொழில்முறை அமைப்பின் வயதோடு ஒப்பிட்டால் படம் வேறு. இன்றைய இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் வேர் 1906இல் தோன்றிய சங்கம். அதிலிருந்து எண்ணினால் முதல் பெண் பட்டதாரிக்கு 58 ஆண்டுகள். பிரேமளாவை நாடாளுமன்றம் கௌரவித்தது 2019இல், பட்டம் பெற்று 55 ஆண்டுகளுக்குப் பிறகு.

பதிவையும் சங்க உறுப்புரிமையையும் பலர் ஒன்றாகக் குழப்புவர். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, பொறியியலாளராகத் தொழில் செய்வோர் பொறியியல் பேரவையில் பதிய வேண்டும். அது கட்டாயம். பெண்கள் சங்கத்தில் சேர்வது விருப்பம், எனவே அதன் செலவு சொந்தப் பையிலிருந்து போகும். ஆண்டுச் சந்தா 50 டொலர் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாய், சந்தா 10,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் சுமார் 360 ரூபாய், சந்தா 18,000. 2024இல் சுமார் 300 ரூபாய், சந்தா 15,000. சங்கம் ஒரு சதம்கூட உயர்த்தாமலே உறுப்பினருக்கு இரண்டே ஆண்டில் 50 சதவீதம் கூடிவிட்டது.

தூரத்தின் செலவு இதைவிட நிலையானது. திருகோணமலையிலிருந்து கொழும்பு வீதிவழி சுமார் 260 கி.மீ., போகவர 520 கி.மீ. ஒரு வழிக்கு 7 மணி நேரம் என்றால் 2 மணி நேரக் கூட்டத்துக்கு 14 மணி நேரப் பயணம். கூட்டத்தின் ஒவ்வொரு மணிக்கும் வண்டியில் 7 மணி. வீட்டில் சிறு பிள்ளை உள்ள ஒருவருக்கு இது ஒரு கூட்டம் அல்ல, இரண்டு நாள் விடுப்பு. நாட்டில் ஆண்களில் 70 சதவீதமும் பெண்களில் 32 சதவீதமும் வேலைச் சந்தையில் இருந்தனர் என்ற 2022 எண்களுக்குப் பின்னாலும் இப்படிப்பட்ட மணிக் கணக்குகள் ஓரளவு இருக்கக்கூடும்.

ஆகவே உள்ளூரில் ஒரு குழு அமைக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதே பயனுள்ள கேள்வி. ஐஇஇஇ என்ற சர்வதேச மின், மின்னணுப் பொறியியலாளர் நிறுவனத்தின் பெண்கள் பிரிவில் ஒரு குழுவுக்கு 6 உறுப்பினர் கையொப்பம் தேவை. நாட்டின் பொறியியல் அனுமதி ஆண்டுக்கு 2,000 எனக் கொண்டால் மேலே கண்ட விகிதப்படி (முழு எண்ணாக்காமல் பெருக்கினால்) திருகோணமலையின் பங்கு 25, அதில் பெண்கள் 6. காகிதத்தில் ஓர் ஆண்டு அனுமதியே போதும். ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் பொறியியல் பீடங்களும் 6. பீடத்துக்கு ஒருவராகச் சிதறிப்போனால் எந்த இடத்திலும் குழு அமையாது. கோணேசபுரி வளாகத்தின் கணினி, பௌதிக மாணவிகளும் அதே நிறுவனத்தில் சேரத் தகுதியுள்ளவர்கள். மாணவ உறுப்பினருக்குப் பெண்கள் பிரிவின் உறுப்புரிமை இலவசம். எனவே முதல் 6 பேரைத் துறைமுக அலுவலகங்களைவிட அந்த வளாகத்தில் தேடுவது எளிது என்று நினைக்கிறேன்.

பணியில் உள்ள 6 பேருக்கு, தலைக்கு அதே 50 டொலர் என்றால், ஆண்டுக்கு 300 டொலர், சுமார் 90,000 ரூபாய். சீனன்குடாவிலும் துறைமுகத்தை ஒட்டியும் தொழில் நடத்தும் நிறுவனங்கள் இந்தத் தொகையைத் தங்கள் ஆண்டுப் பயிற்சிச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.