மந்திரியைக் கோர்ட்டுக்கு இழுக்கும் ஊர் லைப்சிக்... தெரியுமா?

ஜெர்மன் ராணுவத்தில் ஒரு சாதாரண சார்ஜென்ட். பாதுகாப்பு அமைச்சர் போட்ட உத்தரவு தன் உரிமையை மிதிக்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. என்ன செய்வார்? ஒவ்வொரு கோர்ட்டாகப் படியேறித் தேய வேண்டியதில்லை. ஒரே தாவலில் லைப்சிக்! அங்குள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம்தான் இத்தகைய வழக்குகளுக்கு முதல் கோர்ட்டும், கடைசிக் கோர்ட்டும். விசாரிக்கும் அமர்வில் மூன்று நீதிபதிகளோடு இரண்டு ராணுவத்தினரும் கௌரவ நீதிபதிகளாக உட்காருவார்கள். எதிர்த்தரப்பு யார்? சாட்சாத் பாதுகாப்பு அமைச்சகம்! நம்மூரில் தாசில்தார் மேல் கேஸ் போடவே மூன்று முறை யோசிப்போம்.

அப்படி அங்கே வந்து சேர்ந்த வழக்குகளில் ஒன்று தலைமுடி வழக்கு. ஆண் வீரர்களின் முடி காதை மூடக் கூடாது, நிமிர்ந்து நின்றால் சட்டைக் காலரைத் தொடக் கூடாது என்பது அமைச்சகத்தின் விதி. பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நீளமாக வளர்த்துப் பின்னிக் கட்டிக்கொள்ளலாம். கறுப்பு உடை, கனத்த இசை என்று வாழும் 'காத்திக்' கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வீரர் இதை எதிர்த்துப் போனார். 2019 ஜனவரி 31 அன்று தீர்ப்பு. வீரர் முடியை வெட்டத்தான் வேண்டும். ஆனால் இப்படி ஒரு விதியை அமைச்சகம் வெறும் ஆணையாகப் போட்டுவிட்டுப் போக முடியாது, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் ஆதாரம் வேண்டும் என்றது கோர்ட். ஒருவரின் முடிக்காக 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள்! இதில் இன்னொரு வேடிக்கை. உலகத்தின் மிகப் பெரிய காத்திக் திருவிழாக்களில் ஒன்று ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே சமயத்தில் நடப்பது எந்த ஊரில்? அதே லைப்சிக்கில்!

முடி என்றதும் ஹெல்முட் ஷ்மிட்டை விட்டுவிட முடியுமா? பின்னாளில் சான்சலராகி உலகப் புகழ் பெற்றவர். 1971-ல் அவர் பாதுகாப்பு அமைச்சர். பீட்டில்ஸ் காலத்துப் பையன்கள் நீள முடியோடு கட்டாய ராணுவ சேவைக்கு வந்து நின்றார்கள். ஷ்மிட் வெட்டச் சொல்லவில்லை. முடியை வைத்துக்கொள், வேலை நேரத்தில் வலை போட்டுக்கொள் என்றார். அமைச்சகம் வாங்கிக் குவித்த தலைவலைகள் 7,40,000! நேட்டோ நாடுகள் சிரித்த சிரிப்பில் ஜெர்மன் ராணுவத்துக்கு 'ஹேர் ஃபோர்ஸ்' என்றே பெயர் விழுந்தது. 1972 மே மாதத்தில் உத்தரவு வாபஸ். அந்த வலைகளையெல்லாம் பிறகு என்ன செய்தார்களோ!

லைப்சிக் கோர்ட் முடியோடு நிற்கவில்லை. ஈராக் போர் நேரத்தில், தான் வேலை செய்யும் மென்பொருள் அந்தப் போருக்குக் கைகொடுக்கும் என்று சந்தேகித்த ஒரு மேஜர் வேலை செய்ய மறுத்தார். ராணுவக் கோர்ட் அவரைக் கேப்டனாகப் பதவி இறக்கியது. 2005 ஜூனில் லைப்சிக் அதைத் தூக்கி எறிந்தது. மனசாட்சிச் சுதந்திரம் சீருடை போட்டவருக்கும் உண்டு என்பது தீர்ப்பு. எப்போதும் அமைச்சகத்துக்குக் குட்டுதான் என்று நினைத்துவிடாதீர்கள். கொரோனா தடுப்பூசியைக் கட்டாயமாக்கியதை இரண்டு அதிகாரிகள் எதிர்த்தபோது, 2022 ஜூலையில் அமைச்சகத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது.

இனிமேல்தான் உண்மையான ஆச்சரியம். இந்தக் கோர்ட் இருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். 1888-ல் தொடங்கி 1895-ல் முடித்தது, நடுவே 68 மீட்டர் உயரக் குவிமாடம், அதன் உச்சியில் சத்தியத்தின் சிலை. அன்று அது ஜெர்மன் பேரரசின் உச்ச நீதிமன்றம். தலைநகரம் பெர்லின், உச்ச நீதிமன்றம் மட்டும் லைப்சிக்! இன்றைக்கு சிப்பாய் அமைச்சரைக் கேள்வி கேட்கும் இதே கட்டடத்தில், அன்று அமைச்சகம் ஒரு பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்பியது.

அவர் கார்ல் ஃபான் ஒஸியெட்ஸ்கி. 'வெல்ட்பியூனே' என்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியர். முதல் உலகப் போருக்குப் பின் போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ராணுவம் திருட்டுத்தனமாக விமானங்களைத் தயார் செய்துகொண்டிருந்தது. 1929 மார்ச்சில் ஒரு கட்டுரை அதைப் போட்டு உடைத்தது. பாதுகாப்பு அமைச்சகம் கொதித்தது. கட்டுரை பொய் என்று அல்ல, அரசாங்க ரகசியத்தைச் சொல்லிவிட்டார்கள் என்று! உலகுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதை மீறுவது குற்றமில்லை, மீறுவதைச் சொன்னது குற்றம். லைப்சிக்கில் மூடிய கதவுக்குள் விசாரணை. 1931 நவம்பர் 23 அன்று தீர்ப்பு: பதினெட்டு மாதச் சிறை. பிறகு நாஜிகள் வந்து அவரை வதை முகாமில் அடைத்தார்கள். 1935-ம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதை வாங்க நார்வே போக விடவில்லை. 1938 மே மாதம் இறந்தார். சரி, பிற்காலத்திலாவது அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்களா? குடும்பத்தார் மறுவிசாரணை கேட்டார்கள். 1992-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதை நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒஸியெட்ஸ்கி தீர்ப்புக்கு ஒரு வருடம் முன்பு அதே கட்டடத்தில் இன்னொரு நாடகம். ராணுவத்துக்குள் நாஜிப் பிரசாரம் செய்த மூன்று இளம் லெப்டினன்ட்டுகள் மேல் தேசத் துரோக வழக்கு. அப்போது அமைச்சர் வில்ஹெல்ம் குரோனர். 1930 செப்டம்பர் 25 அன்று சாட்சிக் கூண்டில் வந்து நின்றவர் யார் தெரியுமா? அடால்ஃப் ஹிட்லர்! ஆட்சியைச் சட்டப்படியே பிடிப்போம் என்று சத்தியம் செய்தார்; பிடித்த பிறகு தலைகள் உருளும் என்றும் அதே மூச்சில் சொன்னார். கைதட்டல் எழுந்தது. தண்டனை பெற்ற மூவரில் ஒருவர் சிறைக்குள் கம்யூனிஸ்டாக மாறிவிட்டார் என்பது கொசுறு.

கோர்ட்டை விட்டு அமைச்சர்கள் பக்கம் வருவோம். ஜெர்மனியின் முதல் ஜனநாயகப் பாதுகாப்பு அமைச்சர் ஒரு கூடை முடைபவர்! 1919-ல் பதவிக்கு வந்த குஸ்டாவ் நோஸ்கே இளமையில் கற்ற தொழில் அதுதான். 1920 மார்ச்சில் வோல்ஃப்கேங் காப் என்பவர் தலைமையில் கிளர்ச்சிப் படை பெர்லினைப் பிடித்தது. தொழிலாளர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்து நான்கே நாளில் அதைச் சாய்த்தார்கள். ஆனால் நோஸ்கேயின் நாற்காலியும் கூடவே போயிற்று. வெளிநாட்டுக்கு ஓடிய காப், 1922-ல் திரும்பி வந்து சரணடைந்து, விசாரணை தொடங்கும் முன்பே இறந்தார். இறந்த ஊர்? மறுபடியும் லைப்சிக்தான்.

அடுத்து வந்த ஓட்டோ கெஸ்லர் கிட்டத்தட்ட எட்டு வருடம் தாக்குப்பிடித்தார். அரசாங்கங்கள் மாறின, அவர் மாறவில்லை. கடைசியில் அவரைக் கவிழ்த்தது சினிமாவும் பன்றி இறைச்சியும்! கடற்படையின் ரகசியப் பணத்தை லோமன் என்ற அதிகாரி ஒரு படக் கம்பெனியிலும், ஆங்கிலேயர் நாக்குக்கு ஏற்ற பேக்கன் தயாரிக்கும் வியாபாரத்திலும் போட்டிருந்தார். படக் கம்பெனி நொடித்தது, குட்டு வெளிப்பட்டது, 1928 ஜனவரியில் அமைச்சர் வீட்டுக்குப் போனார்.

இன்னும் ஒன்று, இதை நம்பச் சிரமப்படுவீர்கள். இரண்டாம் உலகப் போர் முழுவதும், ஹிட்லர் உயிரோடு இருந்தவரை, ஜெர்மனிக்குப் போர் அமைச்சரே கிடையாது! 1938 ஜனவரியில் அமைச்சர் ப்ளோம்பெர்க் மறுமணம் செய்துகொண்டார். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஹிட்லரும் கோரிங்கும். மணப்பெண்ணின் பழைய வாழ்க்கை குறித்த போலீஸ் கோப்பு சில நாட்களில் வெளியே வந்தது. பிப்ரவரி 4 அன்று ப்ளோம்பெர்க் அவுட். ஹிட்லர் அந்த அமைச்சகத்தையே இழுத்து மூடி, முப்படைத் தலைமையைத் தானே எடுத்துக்கொண்டார்.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு மறுபடி ராணுவம் தேவைப்பட்டபோது, 'பாதுகாப்பு' என்ற சொல்லைச் சொல்லவே பயந்தார்கள். 1950-ல் தொடங்கிய அலுவலகத்தின் தலைவருக்கு வைத்த பட்டம்: 'நேச நாட்டுப் படைகளைப் பெருக்குவது தொடர்பான வினாக்களுக்கான சான்சலரின் பொறுப்பாளர்'! மூச்சு வாங்குகிறதா? மக்களுக்கும் வாங்கியது. தலைவர் தியோடர் ப்ளாங்கின் பெயரால் 'ப்ளாங்க் ஆபீஸ்' என்று சுருக்கிக்கொண்டார்கள். ப்ளாங்க் தச்சுத் தொழில் கற்ற தொழிற்சங்கக்காரர். 1955-ல் அமைச்சரானார். அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று முதல் 101 வீரர்களுக்கு நியமனக் கடிதம் கொடுத்தார். ஏன் அந்தத் தேதி? பிரஷ்யப் படையைச் சீர்திருத்தி, 1809-ல் உருவான பிரஷ்யப் போர் அமைச்சகத்தை நடத்திய ஷார்ன்ஹார்ஸ்ட்டின் இருநூறாவது பிறந்தநாள் அது! அவர் நெப்போலியன் படையோடு மோதிக் காலில் குண்டடிபட்டது 1813 மே 2 அன்று, லைப்சிக்குக்குத் தென்மேற்கே க்ராஸ்கோர்ஷனில். காயம் புரையோடி அடுத்த மாதம் பிராகில் இறந்தார். அக்டோபரில் லைப்சிக் வாசலில் நடந்த பெரும் போரில் நெப்போலியன் தோற்றதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் போரின் நினைவாக எழுந்த 91 மீட்டர் கல் கோபுரம் இன்றும் ஊரின் தென்கிழக்கில் மலை மாதிரி நிற்கிறது.

கொத்தனார்கள் கதை தெரியுமா? கிழக்கு ஜெர்மனியின் முதல் பாதுகாப்பு அமைச்சர் வில்லி ஷ்டோஃப் ஒரு கொத்தனார். மேற்கில் 1972 முதல் 1978 வரை அமைச்சராக இருந்த கியோர்க் லேபரும் கொத்தனார். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரண்டி பிடித்த கைகள்! கிழக்கின் கடைசி அமைச்சர் ரைனர் எப்பல்மானும் கொத்து வேலை கற்றவர்தான். ஆனால் அவர் கதை வேறு ரகம். இளைஞராக ஆயுதம் தொட மறுத்தார். மறுப்போருக்கென்று இருந்த கட்டுமானப் படைப்பிரிவில் சேர்த்தார்கள். அங்கே உறுதிமொழி எடுக்கவும் மறுத்ததால் எட்டு மாதம் சிறை. பிறகு பாதிரியார். 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் தெருவில் ஆட்சியை எதிர்த்து 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு நடந்தார்கள். போலீசும் ராணுவமும் தயாராக நின்றும் ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 ஏப்ரலில் அந்த முன்னாள் கைதி, பாதிரியார் எப்பல்மான், ராணுவத்துக்கே அமைச்சர்! பதவியின் பெயரையும் மாற்றினார்கள்: 'ஆயுதக் குறைப்பு மற்றும் பாதுகாப்பு அமைச்சர்'. செப்டம்பரில் வார்சா ஒப்பந்தத்திலிருந்து நாட்டை வெளியே கொண்டுவரும் கையெழுத்தைப் போட்டார். அக்டோபரில் நாடே இல்லை. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களில் ஹெய்ன்ஸ் கெஸ்லர், எல்லையில் தப்ப முயன்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதற்காக 1993-ல் ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இன்றைய ஜெர்மனியின் அரசியல் சட்டத்தில் ஒரு விசித்திரம். இந்தியாவில் முப்படைகளின் தலைமை ஜனாதிபதியிடம். ஜெர்மனியில் அமைதிக் காலத்தில் படைகளுக்கு ஆணையிடும் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சர் கையில் (பிரிவு 65அ). போர் நிலை அறிவித்த நொடியில் அது சான்சலருக்குப் போய்விடும் (பிரிவு 115ஆ). அதாவது சண்டை இல்லாதவரைதான் அவர் தளபதி!

அப்படியும் அந்த நாற்காலி சுகமானதல்ல. விமானி தப்பிக்கும் எகிறும் இருக்கை என்றே ஜெர்மன் பத்திரிகைகள் அதைக் கேலி செய்யும். 'ஷ்பீகல்' பத்திரிகை மேல் கைவைத்து 1962-ல் போனார் ஷ்ட்ராஸ். அந்தப் பத்திரிகை அதிபர் 103 நாள் சிறையிலிருந்து வெளியே வந்து ஹீரோ ஆனார். லேபர் போனது ஒட்டுக்கேட்பு விவகாரத்தில். கட்டாய ராணுவ சேவையை நிறுத்திவைக்க வழிசெய்த குட்டன்பெர்க், முனைவர் பட்ட ஆய்வேட்டில் காப்பியடித்தது தெரிந்து 2011-ல் விலகினார். உர்சுலா ஃபான் டெர் லையன்தான் முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர்: மருத்துவர், ஏழு பிள்ளைகளின் தாய். 2017 முதல் 2019 வரை டெல்லியில் அதே பொறுப்பில் இருந்தவர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன்! 2023 ஜனவரியிலிருந்து ஜெர்மனியில் போரிஸ் பிஸ்டோரியஸ்.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று. இந்த அமைச்சரின் பெர்லின் அலுவலகமான பெண்ட்லர் பிளாக், ஜெர்மன் பேரரசின் கடற்படை அலுவலகத்துக்காக 1911-1914-ல் கட்டியது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு மழை பொழிந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திய எம்டன், அந்தக் கடற்படையின் கப்பல்! அதே கட்டடத்தின் முற்றத்தில்தான் 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட ஜெனரல் ஓல்பிரிக்ட்டைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயரில் இன்று ஒரு ராணுவ முகாம் இருக்கிறது. எங்கே என்று இன்னுமா கேட்கிறீர்கள்? லைப்சிக்!

அந்தப் பக்கம் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: கோர்ட்டின் முகவரி, சிம்சன் சதுக்கம் 1. வார நாட்களில் பொதுமக்கள் உள்ளே போகலாம். பழைய உச்ச நீதிமன்றத்தின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சியும் அங்கே உண்டு.