கூரைக்கு அடியில் இருக்கும் சாட்சி

சிராங்கூன் சாலையிலிருந்து கெர்பாவ் சாலைக்குள் நுழைந்தால் டான் டெங் நியா இல்லத்தைப் பார்க்காமல் தாண்ட முடியாது. 1900ல் கட்டப்பட்ட சீன மாளிகை. கதவு ஒரு நிறம், சன்னல் ஒரு நிறம், தூண் இன்னொரு நிறம். வார இறுதியில் அதன் முன்னால் படம் எடுக்க வரிசையே நிற்கும். “அந்தக் காலத்திலேயே எவ்வளவு ரசனை!” என்று வியப்பவர்களும் உண்டு. ஆனால் இன்று நாம் பார்க்கும் வானவில் வண்ணம் 1900ல் பூசியதல்ல, வீட்டைப் புதுப்பித்த பிறகு பிற்காலத்தில் வந்தது.

பழைய கட்டடத்தில் முதலில் இருந்த நிறம் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுவரின் ஒரு மூலையில், சாயத்தை ஒவ்வோர் அடுக்காக, படிக்கட்டுபோலச் சுரண்டிக்கொண்டே போவார்கள். மேலே நேற்றைய நிறம், அடியில் தாத்தா காலத்து நிறம். 1989ல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதன் பழைய கடைவீடுகளைக் கூர்ந்து பார்த்தால், சாயம் உரிந்த இடங்களில் இந்த அடுக்குகளை நீங்களே எண்ணலாம்.

இந்த ஆண்டு நான் சுரண்ட வேண்டியிருந்தது சுவரை அல்ல, ஒரு காரின் கூரையை.

என் சித்தப்பாவிடம் 1973ல் பதிவான பிரிட்டிஷ் கார் ஒன்று இருக்கிறது. எந்த கார் என்று எழுதக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டது. 35 வயதைத் தாண்டிய கார்களுக்கான அத்திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் சாலையில் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் அது போர்வைக்குள் தூங்கும். 1990களில், முதல் உரிமையாளர் மறைந்த பிறகு, சித்தப்பா அதை வாங்கினார். இப்போது முழங்கால் வலி, கிளட்சை மிதிக்க முடியவில்லை. விற்கலாம் என்று முடிவெடுத்தார். வாங்க வந்தவர் கேட்டது ஒரே கேள்வி: “கூரையில் இருக்கும் கறுப்பு வினைல் ஒரிஜினலா? ஒரிஜினல் என்று எழுதித் தந்தால் நீங்கள் சொல்லும் விலை. இல்லையென்றால் பேசுவோம்.”

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது.

வினைல் கூரை என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு: இரும்புக் கூரைமேல் தோல்போலத் தெரியும் நெகிழித் துணியை ஒட்டுவது. கூரையை மடக்கித் திறக்கக்கூடிய கார்களின் கித்தான் கூரையைப் பார்த்து வந்த ஆசை அது. மடங்காது, திறக்காது, ஆனால் அந்தப் பகட்டு கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1930களின் நடுப்பகுதிவரை பல கார்களின் கூரையில் உண்மையாகவே துணி இருந்தது, ஏனென்றால் முழுக் கூரையையும் ஒரே இரும்புத் தகட்டில் அழுத்தி எடுப்பது கடினம். ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல்களுக்கு முழு இரும்புக் கூரையைக் கொண்டுவந்து அதைப் பெருமையாக விளம்பரப்படுத்தியது. பிறகு 1962ல் ஃபோர்ட் தண்டர்பேர்ட் லாண்டோ வினைல் போர்த்திய கூரையோடு வந்தது. 1970கள் முழுக்க அது மோகமாகப் பரவியது. கஷ்டப்பட்டு விட்டொழித்த துணியை, காசு கொடுத்துத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள்.

மோகம் இருந்தால் போலியும் இருக்கும். ஆலையிலிருந்து வினைலோடு வந்த கார்கள் ஒருபுறம். விற்பனைக் கடையிலேயே ஒட்டிக் கொடுத்தவை இன்னொருபுறம். பத்து வருடம் கழித்து, துருவை மறைக்கப் பட்டறையில் ஒட்டியவை மூன்றாவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். வினைல் தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே மூடிவைத்திருக்கிறது. கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் கிழித்தபின் ஒரிஜினலாக இருந்ததும் ஒரிஜினலாக இருக்காது.

முதலில் காகிதத்திலிருந்து தொடங்கினேன். சில அமெரிக்க கார்களில் இது எளிது. 1969 கமாரோவின் உடல் தகட்டில் சாயத்துக்கான இடத்தில் “72 பி” என்று இருந்தால், 72 என்பது ஆரஞ்சு உடல், பி என்பது கறுப்பு வினைல் கூரை. கிரைஸ்லர் கார்களின் தகட்டில் “வி1எக்ஸ்” இருந்தால் அதுவும் கறுப்பு வினைல்தான். ஆனால் தகடு இரண்டு ரிவெட்டுகளிலோ திருகாணிகளிலோ நிற்கும் ஒரு சின்னத் துண்டு. கழற்றி வேறொன்றை மாட்டலாம். புதிதாக அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தகடு சொல்வதை உடலும் சொல்ல வேண்டும்.

உடல் சொல்வதற்கு நல்ல உதாரணம் 1970 பிளிமத் சூப்பர்பேர்ட். பந்தயத்துக்காக அதன் பின்கண்ணாடிப் பகுதியை மாற்றி, தனித் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். அந்த ஒட்டு வெளியே தெரியாமல் இழைத்து மெருகேற்ற நேரமும் பணமும் ஆகும். அதனால் எல்லாக் கார்களுக்கும் வினைலை ஒட்டி மூடிவிட்டார்கள். அந்த மாடலில் வினைல் கூரை இல்லாமல் ஒரு கார் கண்காட்சிக்கு வந்தால், வினைலை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சித்தப்பாவின் காரில் நிலைமை இவ்வளவு நல்லபடியாக இல்லை. அதன் தகட்டில் சாயத்துக்கு ஒரு எண், உள் இருக்கைக்கு ஒரு எண். கூரைக்கு ஒன்றுமில்லை. தகட்டின் மௌனத்தை “வினைல் இல்லை” என்று படிக்க முடியாது, கூரைக்கென்று அதில் இடமே ஒதுக்கப்படவில்லை.

அடுத்து, விளிம்புகள். ஆலையில் வினைல் ஒட்டும்போது இன்னும் கண்ணாடி பொருத்தியிருக்க மாட்டார்கள். அதனால் துணி முன்கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் போய் முடியும். பிற்பாடு ஒட்டுபவர்களில் அவசரக்காரர்கள், கண்ணாடியைக் கழற்றாமல், ரப்பரின் ஓரத்தோடு கத்தியால் வெட்டிவிடுவார்கள். மரக் கரண்டியின் மழுங்கிய முனையால் ரப்பரை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன் (இரும்புத் திருப்புளியைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்). துணி ரப்பருக்கு அடியில் நன்றாகவே உள்ளே போயிருந்தது. சித்தப்பா கைதட்டினார். ஆனால் ஐம்பது ஆண்டில் கண்ணாடியை ஒருமுறையேனும் கழற்றியிருக்கமாட்டார்களா? இது நல்ல அறிகுறி, அவ்வளவுதான்.

மூன்றாவது, பின்தூணுக்குக் கீழே வினைலின் ஓரத்தை மூடும் குரோம் பட்டை. ஆலையில் திட்டமிட்டு வைத்த பட்டை என்றால், அதைப் பிடிக்கும் சிறு ஊசித் தண்டுகளை உடலில் பற்றவைத்து, அதற்குப் பிறகே சாயம் பூசியிருப்பார்கள். பின்னால் வைத்தது என்றால், சாயம் பூசிய உடலில் துளை போட்டிருப்பார்கள். துளையின் ஓரத்தில் சாயம் இருக்காது, பச்சை இரும்பு இருக்கும், சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அது சும்மா இருக்காது. உள்பக்க உறையை ஒரு மூலையில் விலக்கி, கைத்தொலைபேசி விளக்கைக் காட்டினேன். எட்டுத் துளைகள். எட்டின் ஓரத்திலும் துரு. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் கூரையின் அடி. பின்கண்ணாடிக்கு மேல் வலது மூலையில் வினைல் ஏற்கெனவே கொப்புளம் விட்டிருந்தது. அடியில் தண்ணீர் தேங்கித் துரு எழும்பினால் அப்படித்தான் ஆகும், வினைல் கூரைகளுக்கு இது பரவலான நோய். அந்த இடத்தை எப்படியும் வெட்டிப் பற்றவைத்தாக வேண்டும் என்பதால், அங்கே மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தோம். பட்டறைக்காரர் கத்தியைப் பிடித்தார், நான் கேமராவைப் பிடித்தேன். வினைல், அதன் துணி, காய்ந்த மஞ்சள் பசை. அதற்கும் கீழே உடலின் அதே நீலம், பளபளப்போடு.

இது ஏன் முக்கியம்? அமெரிக்க ஆலைகள் பலவற்றில் வினைல் கூரைக்கென்று வரும் உடலில் கூரையின் மேல் முழுச் சாயம் வீணாக்குவதில்லை. பிரைமரும், பக்கங்களில் பூசும்போது தெறித்த சாயமும் மட்டும் இருக்கும். முழுப் பளபளப்பு இருந்தால், ஒரு காலத்தில் இந்தக் கூரை வெயிலில் தெரிந்துகொண்டிருந்தது என்று சந்தேகிக்கலாம். துளைகளும் சாயமும் ஒரே பக்கம் கை காட்டின. நான் அநேகமாக “இல்லை” என்று எழுதத் தயாராகிவிட்டேன்.

அப்போதுதான் முதல் உரிமையாளரின் மகள் ஒரு படத்தைக் கொடுத்தார். அவருடைய அக்காவின் திருமணம், சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில், படத்தின் பின்னால் பேனாவில் 1975. மாலை சுற்றிய அதே கார். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் கூரை கறுப்பாகத் தெரிவது போதாது, இரண்டு நிறம் பூசிய காராகவும் இருக்கலாம். பெரிதாக்கிப் பார்த்தேன். காரின் முன்மூடியில் வானமும் தென்னங்குருத்துத் தோரணமும் பிரதிபலிக்கின்றன. கூரையில் எதுவும் பிரதிபலிக்கவில்லை. மேலும், முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய கோடு, வினைல் துண்டுகளை இணைக்கும் கோடு. குரோம் பட்டையும் இருக்கிறது. ஆக, பதிவான இரண்டே ஆண்டில் கூரையில் வினைல் இருந்திருக்கிறது. துருவை மறைக்கப் பின்னாளில் ஒட்டிய கதை அங்கேயே விழுந்துவிட்டது. புதுக் காருக்கு மறைக்கத் துரு ஏது?

மிச்சமிருப்பது ஆலையா, கடையா என்ற கேள்வி. இங்கேதான் சிங்கப்பூரின் வரலாறு குறுக்கே வருகிறது.

ஒரு காலத்தில் இங்கே கார்கள் தயாராயின. பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் போயிருக்கும் அப்பர் புக்கித் தீமா சாலை பழைய ஃபோர்ட் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரி 15ல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த இடம் என்றுதான் நமக்கு அது பாடம். ஆனால் 1941ல் அது கட்டப்பட்டது கார்களை ஒருங்கிணைக்க. போருக்குப் பின் மீண்டும் இயங்கி, 1980ல் மூடப்படும்வரை அந்த வேலையைச் செய்தது. ஹில்வியூவில் மெர்சிடிஸ் கார்கள் ஒருங்கிணைக்கப்பட்டன. வெளிநாட்டு ஆலை பாகங்களைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றும். இங்கே பற்றவைத்து, சாயம் பூசி, இருக்கை மாட்டி வெளியே விடுவார்கள்.

அப்படி வந்த காருக்கு “ஆலை” எது? பிரிட்டனில் உள்ள ஏடு பெட்டியை மூடியதோடு முடிந்துவிடுகிறது. வினைல் ஒட்டியிருந்தால் ஒட்டிய கை சிங்கப்பூரர் கை. உடல் முழுவதும் சாயம் பூசி முடித்து, கடைசியில் துளை போட்டு ஒட்டும் வழக்கம் இங்குள்ள ஏதோவொரு ஒருங்கிணைப்புக் கூடத்தில் இருந்திருந்தால், என் எட்டுத் துளையும் பளபளப்பும் எதையும் நிரூபிக்காது. பிரிட்டிஷ், அமெரிக்க கார்களுக்கென எழுதிய கையேடுகளை அப்படியே நம் ஊர்க் காருக்குப் பொருத்தக் கூடாது என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது அன்றுதான். சிலர் “ஒரிஜினல்” என்றால் தாயக ஆலையில் செய்தது மட்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதுக் காராக முதல் உரிமையாளர் சாவி வாங்கும்போது என்ன இருந்ததோ அதுதான் இந்த காரின் வரலாறு. ஆனால் அதையும் சான்றோடுதான் சொல்ல வேண்டும். 1973க்கும் 1975க்கும் நடுவே இரண்டு ஆண்டு இருக்கிறது.

விற்பனைத் தாளில் நான் எழுதியது இது: “கூரையில் உள்ள கறுப்பு வினைல் 1975க்குள் பொருத்தப்பட்டது, படம் இணைப்பில். முழுச் சாயம் பூசிய பிறகு துளையிட்டு ஒட்டப்பட்டுள்ளது. பொருத்திய இடம் ஒருங்கிணைப்பு ஆலையா, விற்பனைக் கடையா என்பதற்குச் சான்று இல்லை. பின் வலது மூலையில் துரு சரிசெய்யப்பட்டது, வெட்டிய துண்டு உறையில் உள்ளது.”

“ஒரிஜினல் என்ற சொல்லே இல்லையேடா,” என்றார் சித்தப்பா. இரண்டு முறை படித்துவிட்டு, கொஞ்சம் முணுமுணுத்து, கையெழுத்துப் போட்டார்.

வாங்க வந்தவர் தாளை மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு திருமணப் படத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, கூரையின் கோட்டை விரலால் தொடாமல் பின்தொடர்ந்தார். விலையில் கொஞ்சம் குறைத்தார். காரோடு படத்தின் பிரதி ஒன்றும் வேண்டும் என்றார்.