படிக்கட்டில் தொங்கினாலும், குழந்தை மடியில் இருந்தாலும்... நியூட்டன் விதி விடாது!

டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டதும், நின்றுகொண்டிருக்கும் கூட்டம் மொத்தமாக முன்னால் சாயும். "பாத்து ஓட்டுப்பா!" என்று டிரைவருக்குத் திட்டும் விழும். ஆனால், அந்த நொடியில் பயணிகளை யாரும் முன்னால் தள்ளவில்லை. பஸ் நின்றது, அவர்கள் நிற்கவில்லை. அவ்வளவுதான்!

40 கி.மீ. வேகத்தில் பஸ் போனால், உள்ளே இருப்பவரின் உடலும் 40 கி.மீ. வேகத்தில்தான் போகிறது. பிரேக் பிடித்து நிறுத்துவது பஸ்ஸின் சக்கரங்களைத்தான். பயணியின் உடலை கம்பியோ, முன் சீட்டோ, பக்கத்தில் நிற்பவரின் தோளோ நிறுத்தினால்தான் உண்டு. 1687-ல் வெளியான 'பிரின்சிபியா' நூலில் நியூட்டன் சொன்ன முதல் விதி இதுதான். வெளியிலிருந்து விசை எதுவும் செயல்படாதவரை, ஓடும் பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும். பாடப்புத்தகம் இந்தக் குணத்தை 'நிலைமம்' என்கிறது. கோடாலி தளர்ந்துவிட்டால் காம்பின் அடிப்பக்கத்தைத் தரையில் 'டக் டக்' என்று தட்டி இறுக்குவார்களே, அதிலும் வேலை செய்வது நிலைமம்தான். காம்பு நின்றுவிடும், இரும்புத் தலை கீழே இறங்கி இறுகும்.

வலது திருப்பம் ஏன் ஆபத்து?

நம் ஊர் பஸ்களில் வாசல் இடதுபக்கம். பஸ் வலதுபக்கம் திரும்பும்போது பயணியின் உடல் நேராகப் போகவே பார்க்கும். அதனால் அவர் இடதுபக்கம் வீசப்படுவதுபோல் இருக்கும். உள்ளே நிற்பவர் ஜன்னலிலோ சீட்டிலோ சாய்ந்து தப்பிப்பார். படிக்கட்டில் தொங்குபவருக்கு இடதுபக்கம் இருப்பது வெறும் சாலை. அவரை பஸ்ஸோடு சேர்த்துத் திருப்புவது கம்பியைப் பிடித்திருக்கும் ஒற்றைக் கைதான். அதே திருப்பத்தை டிரைவர் இரு மடங்கு வேகத்தில் எடுத்தால், அந்தக் கைக்கு நான்கு மடங்கு பலம் வேண்டும். கல்லூரி மாணவர்களின் உள்ளங்கை வியர்வை இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஸ்டாப் வருவதற்குள் இறங்குபவர்களுக்கும் இதே கதைதான். தரையைத் தொட்டதும் கால் நின்றுவிடும், மேல் உடம்பு நிற்காது. பஸ்ஸின் பின்பக்கம் பார்த்தபடி இறங்கினால் இன்னும் மோசம். மல்லாந்து விழுவதால் பின்மண்டை தரையில் மோதும். பஸ் முழுதாக நின்ற பிறகு இறங்குவது ஒன்றே வழி. உள்ளே நிற்பவர்கள் பஸ் போகும் திசையில் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்துக்கொண்டால், பிரேக் அடிக்கும்போது தடுமாற்றம் குறையும்.

மழை நாளில் மூன்றாம் விதியும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது அந்த விதி. பிரேக் போட்டால் டயர் சாலையை முன்னால் தள்ளுகிறது, சாலை பதிலுக்கு டயரைப் பின்னால் தள்ளி வண்டியை நிறுத்துகிறது. தண்ணீரோ மணலோ குறுக்கே வந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் வழுக்கிவிடும்.

"நான்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கேனே!"

காரின் முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகும் அம்மாக்களும் தாத்தாக்களும் சொல்லும் வார்த்தை இது. இரண்டாம் விதி இதை ஏற்பதில்லை. ஒரு பொருளை எவ்வளவு குறைந்த நேரத்தில் நிறுத்துகிறோமோ, அவ்வளவு அதிக விசை தேவை என்கிறது அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழந்தையின் எடை 10 கிலோ. கார் 40 கி.மீ. வேகத்தில் போய் எதிலோ மோதி, 0.1 நொடியில் நிற்கிறது. அந்தக் குழந்தையைக் கையில் தாங்கிப்பிடிக்க, சுமார் 110 கிலோவைத் தூக்குவதற்கான பலம் வேண்டும். அதாவது, இரண்டு சிமென்ட் மூட்டைகளுக்கும் மேல்! அதையும் கண் இமைக்கும் நேரத்தில் தூக்க வேண்டும். எந்த அம்மாவாலும் முடியாது. பாசம் குறைவு என்று அர்த்தமில்லை. 40 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

ஒரே பெல்ட்டில் தானும் குழந்தையும் என்று கட்டிக்கொள்வதும் தவறு. மோதும்போது பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு வைத்து நசுக்கும். குழந்தைக்குத் தனி இருக்கையே சரி. கைக்குழந்தைகளுக்கான இருக்கையைக் காரின் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தச் சொல்வதற்கும் காரணம் உண்டு. கழுத்து மட்டும் தாங்கவேண்டிய விசை, அப்போது முதுகு முழுக்கப் பரவிவிடும்.

ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைக்கப்படும் குழந்தை இன்னும் பாவம். பிரேக் போட்டால் அதன் முகத்துக்கு நேரே ஹேண்டில்பார்தான் இருக்கிறது. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தையை டூவீலரில் அழைத்துப்போனால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2022-ல் விதி கொண்டுவந்தது.

ஹெல்மெட் தலையைக் காப்பதும் இரண்டாம் விதியால்தான். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி, தலை நிற்க எடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் விசை குறைகிறது. ஸ்ட்ராப் மாட்டாவிட்டால் ஹெல்மெட் தன் வழியில் தனியாகப் பறந்துவிடும். நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்குத் திரும்பாது. விபத்தில் ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தாலும், மாற்றியே ஆகவேண்டும்.