காணி வாங்கும் பெண்ணுக்கு யார் நொத்தாரிசு?

கூலி வேலை, கோழி வளர்ப்பு, தையல், சீட்டு, வெளிநாட்டிலுள்ள சகோதரம் அனுப்பிய காசு என்று பல வழிகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தோடு காணி வாங்க ஆயத்தமாகும் பெண்களை எமது பணியின்போது அடிக்கடி சந்திக்கின்றோம். காணியை அவர்கள் பத்துத் தடவை போய்ப் பார்த்திருப்பார்கள். கிணற்றுத் தண்ணீர் உவரா நன்னீரா என்று குடித்துப் பார்த்திருப்பார்கள். மழைக்கு வெள்ளம் எவ்வளவு நிற்கும், பக்கத்து வேலிக்காரர் எப்படிப்பட்டவர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் விசாரித்திருப்பார்கள். ஆனால் உறுதியை யார் எழுதுகின்றார் என்று கேட்டால் மட்டும், "தரகர் ஒரு ஐயாவைச் சொன்னவர்" என்ற ஒரு வரிப் பதில்தான் வரும்.

காணியைத் தெரிவு செய்வதற்கு எடுத்த கவனத்தில் பாதியையாவது நொத்தாரிசைத் தெரிவு செய்வதற்கு எடுக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

எமது நாட்டில் காணியொன்றை வாய்ப்பேச்சில் வாங்க முடியாது. கடையில் வாங்கிய தாளில் இருவரும் கையெழுத்திட்டு, கிராம அலுவலர் முத்திரை குத்தினாலும் அது உறுதியாகாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்பட வேண்டும் என்கின்றது. அவ்வாறு செய்யப்படாதது சட்டத்தின் கண்ணில் விற்பனையே அல்ல.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. கறுப்புக் கோட்டுப் போட்ட எல்லாரும் உறுதி எழுதலாம் என்று நினைக்கின்றோம். சட்டத்தரணி வேறு, நொத்தாரிசு வேறு. பெரும்பாலான நொத்தாரிசுகள் சட்டத்தரணிகள்தான். எனினும் உறுதி எழுதுவதற்கென்று தனியான அதிகாரப்பத்திரம் வேண்டும். அந்த அதிகாரம் ஒரு குறித்த பிரதேசத்துக்கும் ஒரு குறித்த மொழிக்கும் உரியது. தமிழில் உறுதி வேண்டுமானால் தமிழில் எழுத அதிகாரம் பெற்றவரிடமே போக வேண்டும். விளங்காத மொழியில் எழுதிய உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு யாரிடமாவது கொண்டுபோய் "இதில என்ன கிடக்குது?" என்று கேட்கும் நிலை எமக்குத் தேவையில்லை.

காணி இருக்கும் மாவட்டத்திலேயே தொழில் செய்யும் நொத்தாரிசைத் தேடுங்கள் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. காணியின் பழைய வரலாறு அப்பகுதிக்குரிய காணிப் பதிவகத்தில் இருக்கின்றது. யார் யாருக்கு எழுதினார், எப்போது ஈடு வைத்தார், ஈடு மீட்கப்பட்டதா, வழக்கு ஏதும் பதியப்பட்டுள்ளதா என்பவை அங்குள்ள புத்தகங்களில் பக்கம் பக்கமாகத் தொடர்ந்து செல்லும். அந்தப் பதிவகத்துக்குக் கிழமைதோறும் போய்வருபவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும். அத்தோடு இவ்வூர்க் காணிகளின் பெயர்களும், எந்தக் குடும்பத்தின் காணி எத்தனை பேருக்குப் பங்கு என்பதும், எந்தத் துண்டு பல ஆண்டுகளாக வழக்கில் கிடக்கின்றது என்பதும் அவரின் காதில் விழுந்திருக்கும். தூரத்துப் பட்டினத்தில் இருக்கும் பெரிய பெயருள்ளவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

வன்னியிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருந்த ஒரு சகோதரியின் விடயத்தைச் சொல்லலாம். மூன்று பிள்ளைகள். கணவர் 2009இல் காணாமற்போனவர். நகருக்கு வெளியே இரண்டு பரப்புக் காணியொன்று, விலையும் கொஞ்சம் குறைவு. தரகர் அவசரப்படுத்தினார். "அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. உறுதி எல்லாம் கிளியர். எங்கட ஐயாவே முடிச்சுத் தருவார், நீங்கள் வந்து கையெழுத்து வைச்சால் சரி" என்றாராம். நல்லவேளையாக, முற்பணம் கொடுப்பதற்கு முதல் நாள், உறுதியின் போட்டோப் பிரதியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆசிரியை சொன்ன வேறொரு நொத்தாரிசிடம் போனார்.

அவர் பதிவகத்தில் தேடிப் பார்த்தபோது காணி நான்கு சகோதரங்களுக்குப் பொதுவானது, பிரிபடாதது என்பது தெரிந்தது. விற்க வந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. வெளிநாட்டிலுள்ள ஒரு சகோதரர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தை வைத்துக்கொண்டு முழுக் காணியையும் விற்க முயன்றார். அந்தச் சகோதரர் உயிரோடு இருக்கின்றாரா என்பதுகூட உறுதியாகத் தெரியவில்லை. தத்துவம் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை. அவர் உயிரோடு இருந்தாலும் தன் பங்குக்கு மேல் எதையும் விற்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்க முடியாது. "இதை நான் எழுத மாட்டன் தங்கச்சி, வேறை காணி பாருங்கோ" என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். தேடுதல் கூலியாகச் சிறு தொகையே வாங்கினார். அன்று உறுதி எழுதியிருந்தால் அவருக்கு அதைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கும். எழுத மறுப்பவரே நல்ல நொத்தாரிசு என்று நான் நினைப்பது இப்படியான அனுபவங்களினால்தான்.

வழக்கமாக முத்திரைத் தீர்வையையும் நொத்தாரிசின் கூலியையும் வாங்குபவர்தான் கொடுக்கின்றார். காசு கொடுப்பது நீங்கள் என்றால் ஆளைத் தெரிவு செய்வதும் நீங்களாகவே இருக்க வேண்டும். விற்பவரின் நொத்தாரிசு கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். அவர் வருடக்கணக்காக விற்பவருக்கோ தரகருக்கோ வேலை செய்பவராக இருந்தால், உங்களுக்காக ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்க அவருக்கு மனம் வராது.

முதல் நாள் போகும்போது விற்பவரின் உறுதி, அதற்கு முந்திய உறுதிகள், நில அளவைப் படம், பிரதேச சபை அல்லது நகர சபைக்குக் கட்டிய சோலை வரிப் பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள். எத்தனை வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவீர்கள் என்று கேளுங்கள். முப்பது வருடம் பார்ப்பது வழக்கம். யுத்த காலத்தில் எழுதப்பட்ட உறுதிகள் இருந்தால் அதற்கும் அப்பால் பார்ப்பது நல்லது. "தேடத் தேவையில்லை, எனக்குத் தெரிஞ்ச காணிதான்" என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு எழும்புங்கள். தேடுதல் வேண்டாம் என்று எழுதிய தாளில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம்.

விற்பவரிடம் இருப்பது ஆட்சி உறுதி மட்டும் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி, வேறு யாருடைய உரிமையையும் ஏற்காமல் ஆண்டு வந்தேன் என்று ஒருவர் தானே எழுதுவிக்கும் பத்திரம் அது. நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. எமது பகுதிகளில் உரிமையாளர் இடம்பெயர்ந்து போன வெறுமையில் வந்து குடியேறியவர்களும் இப்படி எழுதுவித்திருக்கின்றார்கள். யுத்தத்தினால் தம் காணிக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட சட்டமொன்று வந்தது. 1983 மே முதலாம் திகதியிலிருந்து 2009 மே 18ஆம் திகதி வரையான காலத்தை ஆட்சிக் கணக்கில் சேர்க்காமல் விடும்படி கேட்க அது வழி செய்தது. அதன் கீழ் வழக்கிட இரண்டு வருட அவகாசமே இருந்தது. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் காணி பற்றி வழக்கு நடந்ததா, நடக்கின்றதா என்பதை நொத்தாரிசு பார்த்தாக வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் வேறு வகையான ஆபத்து. அங்கே பெருமளவு காணி அரச காணி. கையில் இருப்பது உறுதியல்ல, பேர்மிற்றோ அளிப்புப் பத்திரமோதான். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அவற்றை உரிய அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. அதற்கு மாறாக உறுதி எழுதக்கூடாது என்று நொத்தாரிசுக்கே அச்சட்டம் தடை விதிக்கின்றது. ஆகவே பேர்மிற் காணிக்கு "ஒரு ஒப்பந்தம் மாதிரி எழுதித் தாறன்" என்று யாராவது சொன்னால், அந்தத் தாளுக்காக நீங்கள் கொடுக்கும் இலட்சங்கள் நம்பிக்கையின் பேரில் கொடுத்த கடன் போன்றதுதான். முதலில் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் போய்க் கேளுங்கள்.

இனி, இச்சஞ்சிகையின் வாசகியர் பலருக்கு மனதில் கிடக்கும் விடயம். கணவர் காணாமற்போன பெண் காணி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் தேசவழமை பொருந்தும் வடமாகாணத் தமிழ்ப் பெண்ணாயின், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் குறுக்கே வருகின்றது. திருமணம் நீடிக்கும் காலத்தில் உழைத்த பணத்தில் வாங்கியது தேடிய தேட்டமாகக் கொள்ளப்படும். சீதனக் காணியை விற்ற பணத்தில் வாங்கியது அப்படியல்ல, அது பெண்ணின் தனிச் சொத்து. பணம் எங்கிருந்து வந்தது என்பதை உறுதியில் எப்படிக் குறிப்பிடுவது என்று நொத்தாரிசிடம் கட்டாயம் கேட்க வேண்டியது இதனால்தான். பின்னர் அக்காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க அச்சட்டத்திலேயே இடமுண்டு. உங்களுக்குக் காணி விற்பவர் அதே நிலையிலுள்ள பெண்ணாக இருந்தால் அந்த அனுமதியை நீங்களும் பார்க்க வேண்டும். மட்டக்களப்புப் பெண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்குப் பொதுச் சட்டமே.

சில அலுவலகங்களில், "மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாங்கோ, அலுவல் சுகமாய் முடியும்" என்கின்றார்கள். 2010ஆம் ஆண்டின் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் அப்படி எடுத்தவர்கள் இருக்கின்றார்கள். எடுக்க மாட்டேன் என்று இன்றும் மனம் ஒப்பாமல் இருப்பவர்களும் இருக்கின்றார்கள். அவர்களுக்காக 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமையைக் குறிக்கும் சான்றிதழ் பெறும் வழி வந்தது. கணவர் இறந்தார் என்று ஒரு பெண் எழுதிக் கொடுப்பதா இல்லையா என்பது அவளின் தீர்மானம். உறுதி எழுதும் வசதிக்காக அதை அவசரப்படுத்தும் நொத்தாரிசு, சட்டம் எவ்வளவு தெரிந்தவராயினும், எமது பெண்களுக்கு ஏற்றவர் அல்லர்.

தேசவழமைக் காணியில் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை உண்டு என்பதையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேட்டால் போதும். பதில் சொல்லத் தடுமாறுகின்றாரா என்பதிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

காசு விடயத்தில் கூச்சம் வேண்டாம். முத்திரைத் தீர்வை எவ்வளவு, பதிவுக் கட்டணம் எவ்வளவு, தங்களின் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். விற்பனைக்கு முத்திரைத் தீர்வை பொதுவாக முதல் 1 இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 20 இலட்சத்துக்குக் காணி வாங்கினால் 79,000 ரூபா வரும். இதைக் குறைப்பதற்கு உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவோம் என்பார்கள். நாளை உறுதி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்கும்போது கையில் இருக்கும் அத்தாட்சி அந்தக் குறைந்த தொகைதான். விலையை நொத்தாரிசின் முன்னிலையில் எண்ணிக் கொடுங்கள், அல்லது வங்கி மூலம் கொடுங்கள். பணம் தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்பதை நொத்தாரிசு உறுதியின் அத்தாட்சிப் பகுதியில் எழுத வேண்டும். அதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சாட்சிகள் இருவரையும் விற்பவர் கூட்டி வர விடாமல் ஒருவரையாவது நீங்கள் கூட்டிச் செல்லுங்கள்.

இப்படிப்பட்ட ஒருவரை எங்கே தேடுவது? உங்கள் ஊரில் அண்மையில் காணி வாங்கி, உறுதி கைக்கு வந்து, பிரச்சினை இல்லாமல் இருப்பவர்களைக் கேளுங்கள். வங்கிக் கடனுக்காக உறுதி பரிசீலிக்கும் சட்டத்தரணிகள் பொதுவாகக் கண்டிப்பானவர்கள். அவர்களில் ஒருவர் கிடைத்தால் நல்லது. அவருக்கு அதிகாரப்பத்திரம் உண்டா என்பதைக் காணிப் பதிவகத்தில் கேட்டறியலாம். செலவு செய்ய வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையங்களில் ஆலோசனை பெறலாம். பெண் நொத்தாரிசுகளும் இப்போது எமது மாவட்டங்களில் இருக்கின்றார்கள். பெண் என்பதால் மட்டும் நல்லவராகிவிட மாட்டார், எனினும் சில கதைகளை ஒரு பெண்ணிடம் சொல்வது சுகம்.

கையெழுத்து வைத்தவுடன் அலுவல் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட வேண்டாம். ஒரே காணியை இருவருக்கு விற்றால், கபடமின்றி முதலில் பதிந்தவருக்கே சட்டம் முன்னுரிமை கொடுக்கின்றது. ஆகவே மூல உறுதி எப்போது பதிவகத்தில் ஒப்படைக்கப்படும் என்று திகதி கேளுங்கள், ஒப்படைத்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிவு முத்திரையோடு உறுதி கைக்கு வந்ததும் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவுப் பக்க இலக்கம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை வேறொரு வீட்டில், சகோதரியிடமோ தாயிடமோ கொடுத்து வையுங்கள். இடப்பெயர்வின்போது உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டோடியும் தொலைத்தவர்கள் எத்தனையோ பேர். இணைப்பிரதி ஒன்று பதிவகத்தில் இருப்பதால், இலக்கமும் திகதியும் தெரிந்தவர்கள் அத்தாட்சிப்படுத்திய பிரதியை அங்கே விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம்.