ஆவடியில் பறக்கும் நெட் ஜவ்வாது மலையில் படுத்துவிடுவது ஏன்?

பூந்தமல்லியில் பஸ் ஏறும்வரை வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. போளூர் தாண்டி ஜவ்வாது மலையின் உள்கிராமங்களுக்குப் போனால், பல இடங்களில் வாட்ஸ்அப் செய்திகூட நகர்வதில்லை. சிம் அதேதான், ரீசார்ஜும் அதேதான். பிறகு ஏன்?

கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தவிலின் 'தொம்' நாலு தெரு தள்ளியும் கேட்கும். தாளத்தின் கிணுகிணுப்போ தெருமுனை திரும்பியதும் அடங்கிவிடும்.

ரேடியோ அலையும் இப்படித்தான். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் வெகுதூரம் போகும். மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300 மெகாஹெர்ட்ஸ் அலை நிறைய டேட்டா சுமக்க வல்லது, ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அம்பத்தூரில் டவர்கள் நெருக்கம் என்பதால் அது தெரிவதில்லை. மலையிலோ டவர்கள் குறைவு. நடுவே பாறை முகடு நின்றால் தாழ்ந்த அலையும் திணறும்.

ஆகவே தினம் எத்தனை ஜிபி என்று பார்க்கும் முன், போகிற ஊரில் யாருடைய டவர் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். இரண்டாவது சிம்மை வேறு நிறுவனத்தில் வாங்குங்கள்; ஒரே நிறுவனத்தில் இரண்டு சிம் வைத்து என்ன பயன்?

காஷ்மீர், லடாக் போகிறீர்களா? பாதுகாப்புக் காரணங்களால் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. கிளம்புவதற்கு முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள்.